ஏற்காட்டில் மேல்மாடி அறைகள் யாருக்கு?

திண்டிவனத்து மே மாத வெயிலைப் பார்த்தவர்கள் நான் ஏன் மலைக்குப் போனேன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் நான் வெயிலுக்காகப் போகவில்லை. என் அக்கா விஜயாவும் அவள் கணவர் ஏழுமலை மாமாவும் மூன்று வருடமாக ஏற்காட்டில் பன்னிரண்டு அறை கொண்ட ஒரு பழைய லாட்ஜை லீசுக்கு எடுத்து நடத்திவந்தார்கள். அந்த லீசு இந்த மே மாதத்தோடு முடிவதாக இருந்தது. திங்கட்கிழமை காலை முதலாளி வந்து, தொடர்வதா இல்லையா என்று பேசுவார். வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"உங்க மாமா வாயத் தெறக்க மாட்டாருடி. முதலாளி இன்னா சொன்னாலும் தலைய ஆட்டிக்கினு நிப்பாரு. நீ வந்து கூட நில்லு. எல்லார்கிட்டயும் சண்ட போடுவியே, இங்க வந்து உருப்படியா ஒண்ணு போடு."

லாட்ஜை எடுப்பதற்கு முன் மாமா அடுத்தவர் லாரியை ஓட்டினார். அக்கா விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்து ஓட்டல் ஒன்றில் விடியற்காலை முதல் இரவு வரை வெங்காயம் உரித்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் நிலம் கிடையாது. லீசு போனால் அவள் மறுபடி வெங்காயத்துக்குத்தான் போக வேண்டும். எனக்கும் கொஞ்ச நாளாகக் கால் ஓர் இடத்தில் தரிக்கவில்லை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அடுத்தவர் பார்வைக்கு நம்பர் எழுதிக்கொண்டே இருந்தால் இருபத்தாறு வயதிலேயே கண் பூத்துவிடும். இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 5.20க்குத் திண்டிவனத்தில் சேலம் பஸ். டிக்கெட் 205 ரூபாய். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழி. தூரம் சுமார் 215 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் என்பார்கள், எங்களுக்கு ஐந்தரை ஆனது. கள்ளக்குறிச்சி தாண்டி ஒரு மோட்டலில் நிறுத்தினார்கள். டீ இருபது ரூபாய், கழிப்பறைக்குப் பத்து ரூபாய், இரண்டும் ஒரே தரம். பெண்கள் ஆத்தூர் வரை பொறுத்துக்கொள்வது நல்லது. அங்கே பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் பரவாயில்லை.

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவு. ஒன்றேகால் மணி நேரம். வாந்தி வருகிறவர்கள் பின்சீட்டில் உட்கார வேண்டாம். கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, "பார்த்துட்டு வர்றதுக்கா, தங்கறதுக்கா?" என்றார்.

"தங்கறதுக்கு."

"தங்கறதுக்கா!" பக்கத்து சீட்டுக்காரரிடம் திரும்பிச் சொன்னார். "கேட்டீங்களா, தங்கறாங்களாம். நான் காலையில ஏத்தறேன், சாயந்தரம் எறக்கறேன். இப்ப எல்லாம் அப்படித்தாம்மா. எவன் தங்கறான்?"

அவர் சொன்னது சரி. ஏற்காட்டில் கூட்டமே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடக்க முடியாது. படகுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். மிளகாய் பஜ்ஜிக்கு நின்ற நேரம் தனி. ஆனால் நான்கு மணிக்கெல்லாம் கார்கள் ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றிக் கீழே இறங்க ஆரம்பிக்கின்றன. ஐந்தரைக்கு ஊர் துடைத்துவிட்டது போல ஆகிவிடுகிறது. ஏரியைச் சுற்றி நடந்தால் மூடிய லாட்ஜ்கள், பாதி எரியாத போர்டுகள், கண்ணாடி உடைந்த வராந்தாக்கள். ஒரு காலத்தில் மெட்ராஸிலிருந்து பெரிய உத்தியோகக் குடும்பங்கள் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து மே மாதம் முழுக்கத் தங்கிய வீடுகளாம். இப்போது அவர்கள் வேறு குளிருக்கு விமானத்தில் போகிறார்கள். காசில்லாதவர்கள் மகாபலிபுரம் ரோட்டில் இருக்கும் தண்ணீர்ப் பூங்காக்களுக்குப் போகிறார்கள்.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. மே மாதம் மத்தியானம் வியர்க்கிறது. அக்கா லாட்ஜில் ஃபேன் மாட்டக் கூரையில் கொக்கியே கிடையாது, கட்டியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அக்கா எல்லா அறைக்கும் மேஜை ஃபேன் வாங்கி வைத்திருக்கிறாள். ஸ்வெட்டர் எடுத்துப் போகாதீர்கள்.

லாட்ஜ் ஏரியிலிருந்து ஒரு கிலோமீட்டர் மேட்டில் இருந்தது. கீழே ஒன்பது அறை. அதில் நான்கு ஒழுகுகிறது என்று பூட்டிக் கிடந்தது, சரிசெய்து தர முதலாளிக்கு மனமில்லை. மேலே மூன்று பெரிய அறைகள், தேக்குக் கட்டில், பால்கனி, தூரத்தில் சேலம். நான் போனபோது மாமா மேலே பித்தளைக் குழாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. கீழ ரெண்டாம் நம்பர் உனக்கு."

"ஏன் மாமா, மேல காலியாத்தானே கெடக்குது?"

"அது சீசன் ரூமு."

இந்த வழக்கம் எனக்கு அதுவரை தெரியாது. மே மாதம் முழுக்க அந்த மூன்று அறைகளையும் யாருக்கும் தரக்கூடாது. வருடா வருடம் வரும் பெரிய குடும்பங்களுக்கு அவை. அவர்கள் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள், போன் செய்யமாட்டார்கள், காரில் வந்து இறங்குவார்கள். இறங்கும்போது படுக்கை விரித்திருக்க வேண்டும், வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான். மாமா தினமும் விடியலில் எழுந்து பின்பக்க விறகு அடுப்பில் அண்டாவை ஏற்றி, மூன்று அறைக்கும் வாளி வாளியாக வெந்நீர் கொண்டுபோய் வைப்பார். பத்து மணிக்கு அதைக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்ப்பார்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"மொத வருசம் ஜட்ஜ் ஐயா வந்தாரு. ரெண்டு ராத்திரி. 'நல்லா வெச்சிருக்கேப்பா'ன்னு கையப் புடிச்சிச் சொன்னாரு." மாமா குழாயைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அப்புறம் வர்ல. ஒடம்பு கிடம்பு செரியில்லாம இருக்கும்."

நான் கீழே வந்ததும் அக்கா என்னிடம் பொரிந்தாள். "சீசன்ல நாலு காசு பாக்கற ஒரே மாசம் இது. அதுலயும் நல்ல ரூமு மூணையும் சாமிக்கு நேந்து வுட்ட மாதிரி வெச்சிக்கினு இருக்காரு. லீசுல எழுதியா இருக்குது? வாய்ப்பேச்சு! தெறங்கன்னா, முதலாளி மனசு நோவும்ன்றாரு. எனுக்கு இன்னா நோவுதுன்னு எவன் கேக்கறான்?"

எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. ஞாயிறு காலையிலேயே வெளியே போய்விட்டேன். ஆட்டோவில் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோவில் மூன்றும் 900 ரூபாய், அடித்துப் பேசி 700. மூன்று மணி நேரம் போதும். கோவில் இருக்கும் மேட்டில் மட்டும் கொஞ்சம் காற்று உண்டு. வழியெல்லாம் காபித் தோட்டம். தோட்டத்துக்கு வேலி, வேலிக்கு கேட், கேட்டுக்கு வாட்ச்மேன். வாட்ச்மேன் மலைக்காரர், வேலிக்குள் இருப்பது சேலத்துக்காரர் நிலம். ஆட்டோ டிரைவரும் மலைக்காரர்தான். அவரிடம் ஊர் ஏன் இப்படிப் படுத்துவிட்டது என்று கேட்டேன்.

"படுத்துச்சா? யாருக்குப் படுத்துச்சு?" என்றார். "எனக்கு ஞாயித்துக்கெழம நாலு டிரிப்பு ஓடுது. லாட்ஜுக்காரங்கதான் படுத்துச்சுன்னு சொல்லிக்கறாங்க. வர்ற ஆள அவங்களுக்குப் பிடிக்கல, பிடிச்ச ஆளு வர்றதில்ல."

அன்று மாலை அதை நேரில் பார்த்தேன்.

ஐந்தரை மணி இருக்கும். ஒரு டெம்போ வேன் மேட்டில் முக்கிக்கொண்டு ஏறி லாட்ஜ் வாசலில் நின்றது. வேனுக்கு மேலே கேஸ் அடுப்பு, அண்டா, தார்ப்பாய். உள்ளே பதினெட்டுப் பெண்கள். டிரைவர் இறங்கி வந்து, "ரூம் இருக்குதாண்ணே? இது ஆறாவது லாட்ஜு" என்றார். அவருக்குப் பின்னாலேயே ஒரு அம்மாள் இறங்கினார். பெயர் அஞ்சலை. வானூர் தாலுகாவில் கிளியனூர்ப் பக்கம். எல்லோரும் கட்டட வேலைக்குப் போகிற சித்தாள்கள், ஒரே மகளிர் குழு. குழுவில் சேர்த்த காசில் வாழ்க்கையில் முதல் தடவை வெளியூர்.

"ஒருத்தன் ரூமு இல்லன்றான், வாசல்ல ஒரு வண்டி கெடையாது. ஒருத்தன் வேன் பார்ட்டின்னா சமைப்பீங்கன்றான். இன்னொருத்தன் எந்த ஊரு, இன்னா ஆளுங்கன்னு கேக்கறான். பொண்ணு பாக்கவா வந்தோம்?" என்றார் அஞ்சலை. வேனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். அசதியும் அதில் இருந்தது.

கீழே இருந்த ஐந்து நல்ல அறைகளில் ஒன்று எனக்கு, மீதி நான்கில் விதை கம்பெனி விற்பனைக்காரர்கள் தங்கியிருந்தார்கள். மாமா கையைப் பிசைந்தார். "ரூமு இல்லம்மா."

"மேல லைட்டு எரியுதே?"

"அது வர்றவங்களுக்கு வெச்சிருக்குதும்மா."

"அப்ப நாங்க இன்னா, போறவங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். கொக்கியிலிருந்து மூன்று சாவியையும் எடுத்து அஞ்சலை கையில் வைத்தாள். "ரூமுக்கு ஆறு பேரு. பெரிய ரூமுதான். ரூமு ஆயிரத்து இருநூறு. சமைக்கறது பின்னால முத்தத்துல சமைச்சிக்கோங்க, ரூமுல வேணாம். ஜல்தி ஏறுங்க, தூறல் போடுது."

"விஜயா, நாளைக்கி முதலாளி வர்றாரு" என்றார் மாமா.

"வரட்டும். வந்து பாக்கட்டும். மூணு ரூமும் ஓடுதுன்னு பாத்தா அவருக்கும் சந்தோசந்தானே?"

அவள் உண்மையில் அப்படித்தான் நினைத்தாள். அறைகள் நிறைந்ததைக் கண்ணால் பார்த்தால் முதலாளி மனம் மாறும், லீசும் தொடரும், அடுத்த மே மாதம் மேல்மாடியும் கையில் இருக்கும். அவள் எடுத்த துணிச்சல் அதற்காகத்தான்.

மாமா கோபித்துக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்தார். ஆனால் காலையில் பார்த்தால் வழக்கம்போல அடுப்பு எரிந்தது, வாளிகள் மேலே போய்க்கொண்டிருந்தன. படியில் ஒரு பெண் அவரை மறித்தாள். "வெச்சிடுங்கண்ணே, நாங்க தூக்கிக்கறோம். நாளெல்லாம் கலவச் சட்டி தூக்கறவங்களுக்கு இது ஒரு பாரமா?" வாளியைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். மாமா படியிலேயே நின்றார். அந்த வெந்நீரில் யாராவது குளித்து அவர் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

முதலாளி எட்டரைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், சேலத்தில் வேறு வியாபாரம். பெண்கள் முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பால்கனியில் பதினெட்டுப் புடவையும் காய்ந்துகொண்டிருந்தது. அவர் காரிலிருந்து இறங்கி முதலில் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஏழுமலை, மேல கொடி கட்டியிருக்க?"

நான் முந்திக்கொண்டேன். "மூணு ரூமும் வாடகைக்குப் போச்சு சார். இந்த மாசத்துல இதான் மொத தடவ."

"நான் உன்கிட்ட பேசலம்மா." குரல் உயரவே இல்லை. "ஏழுமலை, கீழ வெச்சிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். இந்த மாதிரி ஆளுங்கள மேல ஏத்தினா அப்புறம் அந்தத் தரத்துல யாரு வருவா?"

"இந்த மாதிரின்னா எந்த மாதிரி சார்?" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

மாமா கும்பிடாத குறையாக நின்றார். "தப்புதாங்க. ஜட்ஜ் ஐயா வந்திருந்தா அந்த நிமிசமே காலி பண்ணிக் குடுத்திருப்பேங்க. அவங்களுக்குன்னுதான் தெனம் தயாரா வெச்சிருக்கேன்."

"அவர் எங்கப்பா வர்றது?" முதலாளி கார்ச் சாவியை ஆட்டினார். "அவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சே. மத்த ரெண்டு குடும்பமும் வீட்ட வித்துட்டு மகன் மகளோட வெளிநாட்டுக்குப் போயாச்சு."

மாமா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"காரியத்துக்கே போயிட்டு வந்தேனே."

"அப்ப நான் தெனம் யாருக்குங்க வெந்நீர் போட்டேன்?"

"ரூம் ரூமா இருக்கணும்ல. அதுக்குத்தான். சொன்னா நீ விட்டுடுவ." பிறகு விஷயத்துக்கு வந்தார். லீசு தொடரலாம், வாடகை ஏற்றமாட்டார். மேல்மாடி மட்டும் வேன் பார்ட்டிக்குத் தரக்கூடாது. இந்தத் தடவை அதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவார்.

அக்கா என்னைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிடலாம் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. சண்டை போட வந்த நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு ஆத்திரம், அவளுக்குப் பிழைப்பு. எதை முதலில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"லீசு வேணாங்க" என்றார் மாமா.

சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், எரிகிற அடுப்பில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். புகை முற்றம் முழுக்கப் பரவியது. முதலாளி, "யோசிச்சுச் சொல்லு, மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்பினார்.

முதலாளியிடம் போட வேண்டிய சண்டையை அக்கா மாமாவிடம் போட்டாள். "மூணு வருசம் தலைய ஆட்டுன ஆளுக்கு இன்னிக்கா ரோசம் வரணும்? பத்திரத்துல எழுதுனா எழுதிக்கினு போறான். அவன் மாசத்துக்கு ஒருக்கா வர்றான். நான் மெதுவா எல்லா ரூமயும் தெறந்திருப்பேன்யா!"

"காலைல எழுந்து யாருக்குன்னு அடுப்பு பத்த வெக்கறது, விஜயா?" என்றார் மாமா. அவள் அழுதாள். நான் தேறுதல் சொல்லப் போனேன். "நீ போடி அந்தாண்ட" என்றாள்.

அஞ்சலை அக்காவிடம் சாவியைக் கொடுக்க வந்து தயங்கி நின்றார். "எங்களாலதான் உங்களுக்கு பேஜாரு."

"உங்களால ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு. "நீங்க கேட்டது ரூமு."

"ரூமு கெடைக்கலன்னா வேன்லயே படுத்திருப்போம் கண்ணு. நேத்து காலைலேருந்து ஒண்ணுக்குப் போவ எடம் தேடி அலைஞ்சதுதான் பெரும்பாடு. சோறாக்க உக்காந்தா வாட்ச்மேன் தொரத்தறான். நாலு எடத்துல அடுப்பு எறக்கி ஏத்துனோம்."

அக்கா மூக்கைச் சிந்துவதை நிறுத்திவிட்டு, "நாலு எடத்துலயா?" என்று கேட்டாள்.

திரும்பும்போது நான் அவர்கள் வேனிலேயே வந்தேன். பஸ் காசு மிச்சம். வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, ஒரு பை என் மடியில் காலியானது. அடுத்த வருடம் ஊட்டி என்று ஒருத்தி ஆரம்பித்தாள். "ஊட்டியில மட்டும் உன்ன வெத்தல பாக்கு வெச்சி அழைக்கறானா?" என்று இன்னொருத்தி கேட்டாள். திண்டிவனம் வரை அந்தச் சண்டை ஓயவில்லை.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. லாட்ஜ் பூட்டிக் கிடக்கிறது, அந்த முதலாளிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. கிடைக்காது. ஏற்காடு செத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதுகிறவர்கள் எல்லாம் வராமல் போனவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். வந்து வாசலில் நிற்கிறவர்களை அவர்கள் எண்ணுவதே இல்லை. சித்தாள் இரண்டு நாள் உல்லாசமாக இருக்க ஆசைப்பட்டால் அதற்குப் பெயர் தரம் கெடுவது. மலையில் பால்கனி கட்டியதும் சித்தாள்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சனி ஞாயிறு வேண்டாம், செவ்வாய் புதன் போங்கள், பாதி விலையில் அறை கிடைக்கும். தனியாகப் போகும் பெண்கள் முன்கூட்டியே போனில் தெளிவாகப் பேசிவிடுங்கள், "கூட யாரு வர்றாங்க" என்று மூன்று தடவை கேட்பார்கள். மழை நாளில் வளைவுகளில் கல் விழும், மாலைக்குமுன் ஏறிவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு இரவுக்கு, சாப்பாடு, அறை, ஆட்டோ சேர்த்து 3,500 ரூபாய்க்குள் முடிக்கலாம்.

வேனில் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அக்காவும் மாமாவும் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. ஏரிக்குக் கீழே போகும் ரோட்டில், முன்பு தோட்டத்து லாரிகள் நின்ற ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். சிமெண்ட் தரை, தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, சமைக்க இடம், குளிக்க மறைப்பு. வேனுக்கு 300 ரூபாய், வெந்நீர் வேண்டுமென்றால் தலைக்கு 20. இது நிற்குமா என்று எனக்குத் தெரியாது. ஜூன் ஜூலையில் மலைக்கு வேன் குறைவு, தண்ணீர் லாரிக்காரர் காசுக்குக் காத்திருக்கமாட்டார். ஆயுத பூஜை லீவு வரை தாக்குப்பிடித்தால் பிழைத்துக்கொள்வார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு வேனு வருதாம், ஒண்ணு மேல்மலையனூர்லேருந்து. கக்கூஸு இன்னும் ஒண்ணுதான் ரெடி. உங்க மாமா இன்னொண்ணுக்கு மண்ணு பெசஞ்சிக்கினு இருக்காரு. நீ வர்றியா, இல்ல அங்கயே குந்திக்கினு எழுதிக்கினு இருக்கப் போறியா?"

இன்னும் கடையில் லீவு கேட்கவில்லை. சனிக்கிழமை அதே 5.20 பஸ்.